இருட்டறையில் ஒரு கட்டைவிரல் ரேகை

எங்கள் வீட்டு மாடியில் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இருட்டறையாக்கிக்கொண்டேன். எனக்கு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை. ஓய்வு கிடைக்கும்போது பழைய கேமராவில் படம் எடுத்து, ஃபிலிமை நானே கழுவுவேன்.

இந்த ஊரில் ஃபிலிமுக்கு எதிரி பஞ்சுத்தூசி. பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். அதனால் கதவிடுக்கில் ஈரத்துணி திணிப்பேன். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிய பிறகே ஃபிலிமைத் தொங்கவிடுவேன். ஃபிலிம் கழுவும் டாங்க்கை வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைப்பேன். வீட்டில் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் எடுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை. ஈரத்தில் அழுத்தியது, காய்ந்தபின் எதைக் கொண்டும் போகாது. நான் உட்காரும் முக்காலியும் சுவரோரமாக நகர்ந்திருந்தது.

முதலில் கணவரைக் கேட்டேன்.

"எனக்கு அந்த மருந்து வாசமே ஆவாதுன்னு உனக்குத் தெரியுமல்லோ," என்றார்.

வீடு பெருக்க வரும் அக்கா திருநெல்வேலிப் பக்கம். "நான் படியோட பெருக்கிட்டு எறங்கிருதேன். உள்ள எதுக்கு வாரேன்?" என்று முகம் சுண்டிப்போனார். அதற்குப் பிறகு சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கீழ் அறையில் இருந்த மாமியாரையும் கேட்டேன். "நா எதுக்கு கண்ணு அங்க வாரேன், முட்டி வலியோட," என்றார்.

மூவரும் சொன்னதை நான் நம்பவில்லை. கம்பெனியிலிருந்து கொஞ்சம் நூல் கொண்டுவந்து, கதவின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டுப் போனேன். மாலையில் நூல் அறுந்து கிடந்தது. அறைக்குள் மருந்து நெடியோடு தலைவலித் தைல வாசமும் இருந்தது. அன்று சாப்பிடும்போது ஒவ்வொருவர் கையையும் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறிக் கதவைத் தள்ளினேன்.

மாமியார் முக்காலியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி. நான் விளக்கைப் போட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அணைச்சுரு கண்ணு. வெளிச்சம் குத்துது."

அணைத்தேன். இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. "கண்ணுக்கு மேல வலிக்குது. பல்பப் பாத்தா சுத்தீலும் வட்டம் வட்டமாத் தெரியுது. இங்க வந்தா வெளிச்சமும் இல்ல, மெஷின் சத்தமும் அத்தனை கேக்கறதில்ல."

"உங்க பையன்கிட்டச் சொல்லலீங்களா அத்தை?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவான். கண்ணுல கத்தி வெப்பாங்க."

ரேகையைப் பற்றிக் கேட்க வந்தவள், அதைக் கேட்கவில்லை. பல்பைச் சுற்றி வட்டம் என்றது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று மாலையே கணவரும் நானும் அவரைக் கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

பரிசோதித்த டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருப்பதாகச் சொன்னார். இருட்டில் உட்கார்ந்ததைக் கேட்டதும் நிமிர்ந்தார். "இருட்டுல கண் பாப்பா விரியும். உள்ள இருக்கற நீர் வெளிய போற வழி இன்னும் அடைபடும். அதுதான் இவங்களுக்கு ஆகாது. பார்வையே போயிருக்கும்."

லேசர் வைத்தியம் செய்தார்கள். வலி நின்றது. இடது கண்ணில் ஓரப்பார்வை கொஞ்சம் போனது, திரும்பவில்லை. மற்றது தப்பியது. பெருக்க வரும் அக்காவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். "நெனச்சேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

சொட்டுமருந்து விடும்போது ஒருநாள் மாமியார் கேட்டார். "எம்மேல சந்தேகப்பட்டியா கண்ணு?"

"எல்லாத்து மேலயும்தானுங்க அத்தை."

கண்ணோரம் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நானும் உம்மேல சந்தேகப்பட்டேன்," என்றார். "கதவைச் சாத்தீட்டு அந்த இருட்டுக்குள்ள என்னதான் பண்றியோன்னு. மொதமொத அதப் பாக்கத்தான் மேல வந்தேன்."