காட்டாத ரீப்ளே

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அந்தப் பெண்ணை ஊரில் பாதிப்பேருக்கு ‘விசில்’ என்றுதான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர்கள் நடத்தும் ‘கிழக்கு கேலரி’ என்ற இணையக் குழுவில் அவளே தனக்கு வைத்துக்கொண்டது. குழுவைத் தொடங்கியவன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, “இந்தக் கூட்டத்தை மேய்க்க உங்களை விட்டா ஆள் இல்லக்கா” என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து யாராவது எல்லை மீறினால் அவள் ஒரு விசில் படம் போடுவாள். மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். அதற்கும் அடங்காதவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பந்து இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதவர். “நாள் பூரா கண்டக்டர் விசில் கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் ஒரு விசில்” என்று அலுத்துக்கொள்வார்.

மாடியில் அவளுடைய தம்பி மனைவியோடு குடியிருந்தான். தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒளிபரப்பு வண்டியில் வேலை. ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்கு வெளியே நிற்கும் அந்த வண்டிக்குள் வரிசையாகச் சின்னத் திரைகள் இருக்கும். எந்தக் கேமராவில் பதிவானதை ரீப்ளேயாகக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் காதில் சொல்வார். இவன் பொத்தானை அழுத்துவான். அக்கா கேலரியில் தொண்டை கிழியக் கத்துவாள், தம்பி சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்பெட்டி மாதிரி ஒரு வண்டியில் உட்கார்ந்திருப்பான். இவன் அவளுடைய தம்பி என்று குழுவில் யாருக்கும் தெரியாது. அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மந்திரி வந்திருந்தார். ஊரின் அரசு ஆஸ்பத்திரியை மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பிரசவ வலி என்றாலும் பாம்புக்கடி என்றாலும் அடுத்த ஊருக்குத்தான் ஓட வேண்டும். மூடியவர் அந்த மந்திரிதான் என்று ஒரு கட்சி, முந்தைய ஆட்சி செய்த கோளாறு என்று இன்னொரு கட்சி. ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. கேலரி மூச்சை அடக்கிக்கொண்டது. உள்ளூர் கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். எழுந்தவன் நேராக மந்திரி உட்கார்ந்திருந்த பக்கம் ஓடி, இரண்டு கைகளையும் விரித்து, கையுறைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அதில் ஏதோ எழுதியிருந்தது. கிழக்கு கேலரியிலிருந்து பார்த்தவர்களுக்கு எழுத்து புரியவில்லை. விசிலுக்கும் புரியவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவளுக்கு அவ்வளவு தூரத்தில் கறுப்பாக ஒரு கோடுதான் தெரிந்தது.

தொலைக்காட்சியில் பந்தைக் காட்டினார்கள். உதைத்தவன் தலையில் கைவைத்ததைக் காட்டினார்கள். மந்திரி கைதட்டியதை இரண்டு முறை காட்டினார்கள். கையுறையைக் காட்டவே இல்லை.

மறுநாள் விளையாட்டு வாரியத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பெண்களும் குழந்தைகளும் இருந்த அரங்கில் ஆபாசச் சைகை காட்டியதற்காக அந்தக் கோல்கீப்பர் இந்தப் பருவம் முழுவதும் ஆடக்கூடாது.

குழு பற்றிக்கொண்டது.

“கையில ‘ஆஸ்பத்திரி எங்கே’ன்னு எழுதியிருந்தான். மந்திரி உட்கார்ந்த பக்கம் கம்பிக்குப் பின்னாடிதான் நின்னேன், நானே படிச்சேன்” என்று எழுதினான் ‘மூணாம் கேட்’ என்ற பெயரில் இருப்பவன்.

“அப்படின்னா டிவியில ஏன் வரல? அசிங்கமா காட்டியிருப்பான், அதான் வெட்டிட்டாங்க” என்றான் ‘ஆஃப்சைடு’.

“மந்திரி வீட்டு நாய் தும்மினாகூட நேரலை போடுறவங்கதானே அவங்க?”

“எழுதியிருந்தாலும் தப்புதான். பந்தாடுற இடத்துல அரசியல் எதுக்கு?”

“மந்திரி மட்டும் பந்தாடவா வந்தாரு?”

இப்படியே பொழுது போயிற்று. பல வருடப் பழக்கமுள்ளவர்கள் ஒருவரையொருவர் விலைபோனவன், கூலிக்கு மாரடிக்கிறவன் என்றார்கள். ‘பென்சில்’ என்று பெயர் வைத்திருந்த ஓவிய ஆசிரியர் ஒருவர்தான் விசிலுக்குக் குழுவில் வலதுகை மாதிரி. அவரே, “அக்கா, யார்கிட்ட அந்தப் படம் இருக்கோ அவங்க வெளியே விடணும். இல்லன்னா அந்தக் கோல்கீப்பர் வாழ்க்கை போச்சு” என்று எழுதினார். விசில் கடையில் ஒரு லென்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு, “உண்மை ஒருநாள் வெளிய வரும்” என்று பதில் போட்டாள்.

அன்று வேலை முடிந்ததும் நேராக மாடிக்குப் போனாள். தம்பி காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“நீ பார்த்தியாடா?”

“பார்த்தேன்.”

“என்ன இருந்துச்சு?”

“ஒரு கையில ‘ஆஸ்பத்திரி’. இன்னொரு கையில ‘எங்கே’. என் திரை முழுக்க அதுதான். பளிச்சுன்னு இருந்துச்சு. விரல் அழுத்தப் போயிடுச்சு. காதுல குரல் வந்துது. ‘அது வேண்டாம், மந்திரிக்குப் போ.’ போயிட்டேன்.” குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டே, “ரெண்டாவது தடவை சொல்லவே வேண்டி வரல, அக்கா. அதான் ஒரு மாதிரியா இருக்கு” என்றான்.

“அந்தப் பதிவு?”

“அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா நான் பார்த்தேனே. வாரியத்துக்குப் போய்ச் சொல்லிடட்டுமா?”

அவள் வாசல் கதவைச் சாத்தினாள். “வாயைத் திறந்துடாத. வேலை போறதோட நிக்காது. அவங்க கை எவ்வளவு நீளம்னு உனக்கே தெரியும்.”

“நீதானே குழுவுல உண்மை வெளிய வரும்னு எழுதினே?”

“வரட்டும். உன் வாயிலேருந்து வர வேண்டாம்.”

தம்பியின் மனைவி அடுக்களை வாசலில் நின்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் மூணாம் கேட் ஒரு புகைப்படம் போட்டான். ஒளிபரப்பு வண்டியின் திறந்த கதவு. உள்ளே காதில் கருவியோடு தம்பி. ‘ரீப்ளே பொத்தானை அழுத்துற கை இதுதான். வீடு இந்தத் தெரு’ என்று கீழே எழுதியிருந்தான். தெருப் பெயர் சரியாக இருந்தது. அவள் தெரு.

அவள் அழித்தாள். லென்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. விளிம்பு தேய்ந்து லென்ஸ் வீணாயிற்று.

“ஏன் அழிச்சீங்க?” என்று உடனே கேள்வி வந்தது.

“வீட்டு விலாசம் போடக் கூடாதுன்னு விதி இருக்கு” என்று எழுதினாள். அது பொய்யில்லை. போன மாதம்கூட ஒரு நடுவரின் விலாசத்தை இதே விதியைச் சொல்லி அழித்திருந்தாள். ஆனால் அன்று லென்ஸ் எதுவும் வீணாகவில்லை.

ஊரில் மூடி வைக்கிற எதுவும் ரொம்ப நாள் தங்காது. மறுநாள் காலையில் யாரோ ஒரு கல்யாணப் படத்தைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளையாகத் தம்பி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அக்கா. மேலே ஒரே வரி: ‘விசிலும் வித்துப்போச்சு.’

அதற்குப் பிறகு வந்தவற்றை அவள் படித்த வரைக்கும் படித்தாள். டிவிக்காரன் கையுறையை வெட்டினான், அக்காக்காரி படத்தை வெட்டினாள், குடும்பத்தொழில் என்றான் ஒருவன். முதல்நாள் வரை டிவி பொய் சொல்லாது என்ற ஆஃப்சைடுகூட இப்போது அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டான். பென்சில் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். “அக்கா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.” அதுதான் அவளுக்கு ஊசி மாதிரி இறங்கியது.

கடைக்கு மூக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, “இவங்களை விட்டா வேற யாராவது லென்ஸ் போட்டுத் தருவாங்களா?” என்று முதலாளியிடம் கேட்டார். மதியம் தம்பியின் மனைவி போன் செய்தாள். வாசலில் நின்ற பைக்கின் இரண்டு டயரையும் யாரோ கிழித்திருக்கிறார்கள்; கேட்டில் கறுப்புச் சாயத்தில் ஒரு கையை வரைந்திருக்கிறார்கள். விசில் முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வெயில் சாயும்போது அவர்கள் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். சிலர் அணியின் சட்டை போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கணவர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்க தம்பியைக் கூப்பிடுங்க” என்றான் முன்னால் நின்றவன். கூரியர் நிறுவனத்தின் சீருடை போட்ட, முப்பது முப்பத்தைந்து வயது ஆள். குரலைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்தது. குழுவில் குரல் பதிவுகளாகப் போட்டுத் தள்ளும் மூணாம் கேட்.

“நீதானா தம்பி அது? இத்தனை வருஷமா எழுத்துல பேசியிருக்கோம். இப்படியா முகம் பாக்கணும்?”

“பேச்சை மாத்தாதீங்க. கூப்பிடுங்க.”

“கூப்பிட்டு? அடிக்கப் போறியா?”

பின்னாலிருந்து ஒருவன், “கேட்டை ஏறிக் குதிடா, இவங்ககிட்ட என்ன பேச்சு” என்றான். ஒரு கை கம்பியைப் பிடித்து உலுக்கியது. தாழ்ப்பாள் அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது.

மூணாம் கேட் திரும்பி அந்தக் கையைத் தட்டிவிட்டான். பிறகு அவளைப் பார்த்தான். “என் தங்கச்சிக்கு வலி வந்தப்போ அடுத்த ஊருக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே குழந்தை போச்சு. இந்த ஊர்ல ஒரு பய அதைப் பத்திப் பேசல. ஒருத்தன் பேசினான், கையில எழுதிக் காட்டினான். அவனைப் போய் ஆபாசம்னு சொல்லிட்டாங்க. அவன் அம்மா கடைக்குப் போக முடியல. உங்க தம்பி விரல் ஒரு தடவை ஒழுங்கா அழுத்தியிருந்தா...”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி இறங்கி வந்துகொண்டிருந்தான். பின்னாலேயே அவன் மனைவி, அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி.

“மேல போடா” என்றாள் அக்கா.

“கேட்டைத் திற, அக்கா.”

“மேல போன்னு சொல்றேன்ல!”

“நான் பார்த்ததைச் சொல்லணும். நீ சொல்ல வேண்டாம்னே, ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல.”

வெளியே இருந்தவர்கள் போனைத் தூக்கிவிட்டார்கள். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பயந்துதான் இருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. அவன் மனைவி சட்டையை விட்டுவிட்டு, “சொல்லட்டும் அண்ணி. இவர் இப்படி இருக்கிறதுக்கு வேலை போறதே மேல்” என்றாள்.

விசில் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைப் பாதி திறந்து, தம்பிக்கு முன்னால் ஒரு தோளை வைத்துக்கொண்டு நின்றாள். “கேக்குறதைக் கேளுங்க. ஒருத்தன் கை வைச்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

தம்பி சொன்னான். என்ன பார்த்தான், எந்தக் குரல் என்ன சொன்னது, அவன் என்ன செய்தான், எல்லாம். இயக்குநரைத் திட்டவில்லை. “என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அழுத்த மாட்டேன்னு நான் சொல்லியிருக்கலாம்” என்றான். ஒருவன் ‘துரோகி’ என்று கத்தினான். யாரும் கூடச் சேரவில்லை. மூணாம் கேட் போனைத் தாழ்த்தினான். போகும்போது கேட்டில் இருந்த கறுப்புக் கையைப் பார்த்து, “இது நாங்க இல்லக்கா” என்றான். அவள் நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை.

அந்தக் காணொளி ஊரைத் தாண்டிப் போயிற்று. தொலைக்காட்சி நிறுவனம், ‘வேலையில் அக்கறையில்லாததால் எச்சரிக்கப்பட்ட ஊழியர் பழிவாங்கப் பேசுகிறார்’ என்று சொல்லித் தம்பியை வேலையிலிருந்து நீக்கியது. எதிர்க்கட்சிச் சேனல் ஒன்று அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாட வண்டி அனுப்பியது. அவர்களும் பேட்டியில் மந்திரி பெயர் வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் பாதியில் எழுந்து வந்துவிட்டான். இப்போது ஒரு டியூஷன் நிலையத்துக்குப் பாடம் எடுப்பதைப் படம்பிடித்துத் தருகிறான். சம்பளம் குறைவு. சாப்பாடு இறங்குகிறது.

வாரியம் தன் அறிவிப்பைத் திருத்தியது. ‘ஆபாசம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘அரசியல் வாசகம்’ என்று போட்டது. தடை சில ஆட்டங்களாகச் சுருங்கியது. கோல்கீப்பரின் அம்மா கடைக்குப் போகத் தொடங்கினார். ஆஸ்பத்திரியின் கேட்டில் பூட்டு அப்படியே தொங்குகிறது.

குழுவின் பொறுப்பை விசில் பென்சிலிடம் கொடுத்துவிட்டாள். “ஏன் அக்கா, இப்பதான் எல்லாரும் உங்க பக்கம் இருக்காங்களே” என்றார் அவர். “பக்கம் இருக்கிறவங்களை வச்சுக்கிட்டு நடுவுல நிக்க முடியாது வாத்தியாரே” என்றாள். இருவருக்கும் இடையே பழைய நெருக்கம் வரச் சில வாரங்கள் பிடித்தன. ஆஃப்சைடு இன்னும், தம்பிக்கு யாரோ பணம் கொடுத்துப் பேச வைத்தார்கள் என்று எழுதுகிறான். முதலில் பதில் எழுத அவள் கை துறுதுறுக்கும். இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இயந்திரத்தை ஓட விடுகிறாள்.

தடை முடிந்து கோல்கீப்பர் திரும்பி ஆடிய நாளில் தம்பியைக் கேலரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட அவன் முழுதாகத் தன் கண்ணால் பார்த்ததில்லை. முதல் கோல் விழுந்தபோது கேலரியே எழுந்து நின்று கத்தியது. இவன் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினான்.

“என்னடா தேடுற?”

“ரீப்ளே எங்க வரும்?”

“இங்க ஒரே தடவைதான் வரும். கண்ணைத் திறந்து வை” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பின்வரிசையில் இருந்த மூணாம் கேட் இருவருக்கும் தேநீர் நீட்டினான். தம்பி ஒரு கணம் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டான்.