வெட்டாமல் விட்ட மலை

மணப்பெண்களுக்கு மெகந்தி போடுவது என் தொழில். ஒரு படத்தைக் காட்டினால் அதே மாதிரிப் படங்களைத் தேடித் தரும் செயலி ஒன்றில் என் வேலைகளைப் போட்டு வந்தேன். வெளிச்சத்துக்காக மொட்டை மாடியில்தான் படம் எடுப்பேன். ஆனால் பின்னால் தெரியும் மலையைப் படத்திலிருந்து வெட்டிவிடுவேன். பெரிய நகரத்துக்காரி என்று நினைக்கட்டுமே என்று ஊர்ப்பெயரையும் எழுதவில்லை.

மும்பை, டெல்லியிலிருந்தெல்லாம் போன் வரும். திருவண்ணாமலை என்றதும் வைத்துவிடுவார்கள். வெறுத்துப்போய், துணிக்கடை வேலை ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். கடைசியாக எடுத்த படத்தை நாத்தனார் சுமதிதான் செயலியில் ஏற்றினாள். மலையை வெட்டவில்லை.

"ஏன் சுமதி, மலையை எடுத்துட்டுப் போடக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டேன்.

"நல்லாத்தானே இருக்குது அண்ணி, இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஓர் அம்மா பேசினார்.

"பொண்ணுக்குப் புடிச்ச டிசைனைப் போட்டுத் தேடினேங்க, உங்க படம் வந்துச்சு. பின்னால தெரியறது அண்ணாமலையார் மலைதானேங்க? கல்யாணம் அங்கதான். மெகந்திக்கு ஆள் கெடைக்காம தவிச்சிட்டிருந்தோம்."

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மூலமே அடுத்தடுத்து வேலைகள் வந்தன. துணிக்கடைக்கு நான் போகவே இல்லை. சுமதி அன்று என் பேச்சைக் கேட்டு அந்தப் படத்திலிருந்து மலையை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இப்போதெல்லாம் ஊர்ப்பெயரைத்தான் முதலில் எழுதுகிறேன். படம் எடுக்கும்போது மேகம் மலையை மூடியிருந்தால், ஈர மெகந்தியோடு கையை நீட்டி நிற்கும் மணப்பெண்ணிடம், "கொஞ்சம் இரும்மா, அண்ணாமலையார் வந்துடட்டும்" என்கிறேன்.

- கவிதா, திருவண்ணாமலை