கப்பல்தளத்திலிருந்து ஒரு விரல்

"ஆஸ்பத்திரிக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிடுதாம், யாரு போய்ச் சேர்ந்தாங்கன்னு. பிணவறையில ஆள் வெச்சிருக்காளாம்!" தென்கொரியாவின் தேகு நகரப் பூச்சந்தையில் கேட்டதை, சூப்புச்சோற்றுக் கடைக்காரி மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள். மலர்வளையக் கடை நடத்தும் மா ஜொங்-சுக், தன்னைப் பற்றிய அந்தப் பேச்சுக்கும் இரங்கல் ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாடி. எமன் என் போனுக்குத்தான் மொதல்ல அடிக்கிறான்."

ஆளும் இல்லை, எமனும் இல்லை. கைப்பேசியில் 'தேகு இரங்கல் மலர்வளையம்' என்று யார் தேடினாலும் முதல் வரியில் அவள் கடை நிற்கும். இணைய விளம்பர ஏலத்தில் பிடித்த இடம் அது. பூ வாங்குகிறார்களோ இல்லையோ, அந்த வரியை ஒருவர் தொட்டாலே அவள் பணம் கழியும். நாளுக்கென்று கட்டிய தொகை தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும். பிறகு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அடுப்பில் பாலை வைத்தவளைப் போல அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிம்பாப் சோற்றுருளையை நின்றபடியே விழுங்குவாள். "ஏறிட்டான் பாரு, ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்காரன்!" என்று திட்டிக்கொண்டே ஏலத்தைக் கூட்டுவாள். அடுத்த நொடி அழைப்பு வந்தால் குரல் பஞ்சாகிவிடும்: "ரொம்ப வருத்தம்ங்க. வளையம் மூணடுக்கா வேணுமா, ரெண்டடுக்கா?" நேற்றைய சாவின் செவ்வந்தியை இன்றைய சாவுக்கு வைக்கமாட்டாள். சந்தையில் பலர் வைப்பதுண்டு.

இந்தக் கோடையில் மதியத்துக்குள்ளேயே தொகை காலியாகத் தொடங்கியது. மாலை முழுக்க அழைப்பே இல்லை. விளம்பரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பியோன் என்ற இளைஞன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"முதலாளியம்மா, ஒரே இடத்து இணையத்துலேர்ந்து தினம் சாப்பாட்டு வேளையில நம்ம விளம்பரத்தைத் திரும்பத் திரும்பத் தொடுறாங்க. எவனோ போட்டிக்காரன்."

"எந்த ஊரு?"

"கொஜே தீவு. கப்பல் கட்டுற தளம்."

"அங்க இருக்கிறவனுக்குத் தேகு சாவுல என்னய்யா போட்…" பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

கடையை மூடு என்று இவளோடு சண்டை போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கணவன் தோ வொன்-சிக் அங்கேதான் வெல்டர். இரண்டு வருடமாக ஒரு பேச்சில்லை. விளம்பரம் எது, வெறும் தேடல் முடிவு எது என்று பிரித்தறியத் தெரியாத மனிதர். முதல் வரியைத் தொடுவார், பக்கம் திறக்கும், அன்று அனுப்பிய வளையங்களின் படங்கள் வரும். ஓரத்தில் எங்காவது அவளுடைய வெள்ளைக் கையுறை தெரியும். மூடுவார். மறுபடி தொடுவார்.

"அந்த இணைப்பை அடைச்சிடவா? ஒரு நிமிஷ வேலை."

"அடைச்சா அங்க என் கடை தெரியாதா?"

"தெரியவே தெரியாது."

"அப்ப விடு."

"இப்படியே போனா குளிர்காலத்துக்குள்ள ஷட்டரை இழுக்கணும், முதலாளியம்மா!"

"இருந்தப்பவும் செலவு, இல்லாதப்பவும் செலவு, அந்த ஆளு."

தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பார்ப்பதையும் நிறுத்திவிடுவார். அதனால் சொல்லவில்லை. மறுநாள் முதல், தலையை வாரிக்கொண்டு வளையத்துக்குப் பக்கத்தில் முழு ஆளாகவே படத்தில் நின்றாள். "சாவுப்பூவுக்கு நீங்க எதுக்குங்க போஸ் குடுக்கிறீங்க?" என்று வளையம் வாங்கும் ஒரு கம்பெனிக்காரர் கேட்டே விட்டார். மதியமானால் பணம் கரைவதைப் பார்ப்பாள். பார்லித் தண்ணீரை ஒரு மிடறு குடிப்பாள்.

போன வாரம் பியோன் துள்ளிக்கொண்டு அழைத்தான். "நல்ல சேதி! திங்கட்கிழமையிலேர்ந்து கொஜேலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. திருடன் ஓடிட்டான்!"

"தளத்துக்கு லீவா இருக்குமோ?"

"லீவு அடுத்த மாசந்தான். என் மச்சான் அங்கதான் இருக்கான், நேத்துகூட வேலைக்குப் போனானே."

அன்றும் தொகை மாலைவரை தாங்கியது. ஆர்டர்கள் வந்தபடி இருந்தன. எல்லாவற்றையும் பஞ்சுக் குரலில் வாங்கி எழுதி, வண்டியில் ஏற்றி அனுப்பினாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். இரண்டு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுமுனையில் எடுக்கும் ஓசை கேட்காமல் போய்விடுமோ என்று, செவ்வந்திகள் நிறைந்து இரைந்துகொண்டிருந்த குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைப்பேசியைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.