பல் படாத தாள்

முதல் வளைவு வருவதற்குள் சேசப்ப பூஜாரியின் இடது கை பின்னால் நீளும். டிக்கெட் கருவியிலிருந்து வெற்றுத்தாளை விரல் நீளம் கிழித்துத் தருவேன். வலது கடைவாயில் செருகி, நுனியை உதட்டால் பிடித்துக்கொண்டு கியரை மாற்றுவார். மலைப்பாதை முடிந்ததும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பல் பதிந்திருந்தால் அடுத்த நடை வரை யாரிடமும் பேச்சில்லை.

சார்மாடி மலையில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறார். எதிரே வருகிற எவனையும் திட்டியதில்லை. பாதையை மறித்து நிற்கிறவனிடமும் "வாங்க சுவாமி, வாங்க" என்பார். திட்டெல்லாம் தாடைக்குள் போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் அவர் காதோரம் எலும்பு புடைத்து அடங்குவதை நடத்துநர் இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியபோது ஈறு டாக்டர் மெல்விட்டாவிடம் அவருக்குத் துணையாகப் போனேன். டாக்டர் விரல் நுனியைப் பல்லின் வெளிப்பக்கம் வைத்து, மெதுவாகத் தட்டிக் கடிக்கச் சொன்னார்.

"நடுங்குது. பல்லு என்ன எலும்புல அடிச்ச ஆணியா? நார் நாரா கட்டித் தொங்குது. சோறு மெல்லத் தாங்கும். நாள் பூரா நெரிச்சா நார் தளரும், குழி அகலும். ஈறுல அழுக்கும் சேர்ந்துட்டா எலும்பு சீக்கிரம் கரையும்."

"வண்டியில ஆட்டத்தைத் தாங்குற புஷ் போன மாதிரிங்கறீங்க."

"ஆமா. ஆனா கடையில வாங்கி மாத்த முடியாத புஷ். அழுக்கை நான் எடுக்கறேன், பாரத்தை நீங்க எடுங்க. மூணு மாசத்துல ஆட்டம் குறையலேன்னா புடுங்கிடலாம். தூக்கத்துல கடிக்கறீங்களா?"

"குறட்டைதான்னு வீட்டுக்காரி சொல்றா."

வெளியே வந்ததும் என்னிடம், "உயிரோட இருக்கறதை எதுக்குப் புடுங்கணும் மாராயா?" என்றார். பல்லை நெரித்தால் காட்டிக்கொடுக்கும் தாள் யோசனை அன்றைக்கே வந்தது. சட்டைப் பையில் பேனாவோடு பல் துலக்கியும் ஏறியது. அடிவார ஓட்டலில் கோழிக் குழம்போடு மொறுமொறு அரிசி ரொட்டியை நொறுக்கித் தின்கிறவர், இப்போது அதைக் குழம்பில் ஊறவிட்டு, இடப்பக்கமாகவே மெல்கிறார். ஊறுகிற நேரத்தில் ரொட்டியை அவர் பார்க்கிற பார்வையைப் பார்க்கச் சகிக்காது.

முதல் வாரமெல்லாம் தாள் ஓட்டை ஓட்டையாக வந்தது. மேலே மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு இறங்கும் அப்பியக்கா அவருக்குப் பின்னிருக்கை. வளைவுக்கு வளைவு, "சேசப்பண்ணே, பல்லு!" என்று கத்துவாள். பஸ்ஸே சேர்ந்து கத்தும்.

"என் பல்லு ஆடினா உன் கூடை ஏன் அப்பி ஆடுது?"

"பொக்கை வாயன் முள்ளு மீன் வாங்குவானா? என் யாவாரம்லா போகும்!"

போன வியாழக்கிழமை. டாக்டர் சொன்ன மூன்று மாதக் கெடு மறுநாள் முடிகிறது. மழையும் மூடுபனியும். ஒன்பதாவது வளைவில் ஒரு லாரி எங்கள் பக்கமாகவே ஏறி வந்தது. யாரும் "பல்லு" என்று கத்தவில்லை; அப்பியக்கா கூடையைக் கட்டிப்பிடித்திருந்தாள். பின் சக்கரம் தடுப்புச் சுவரை உரச, சேசப்பா பஸ்ஸை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கழுத்து நரம்பு முறுக்கியிருந்தது. தாடை மட்டும் தொங்கிக் கிடந்தது, வேடிக்கை பார்க்கிறவன் வாயைப்போல. தாள் கீழுதட்டில் ஒட்டி மூச்சுக்கு மூச்சு ஆடியது.

"வாங்க சுவாமி, வாங்க" என்றார் கொழகொழவென்று. லாரி கடந்தது.

அடிவாரத்தில் எஞ்சினை அணைத்தார். தாளைத் தான் பார்க்காமல் பின்னால் நீட்டினார். அப்பியக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஜன்னலோரம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எச்சில்தான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் ஒருவரும் இறங்கவில்லை. சேசப்பா டாக்டர் செய்ததுபோல விரல் நுனியை அந்தப் பல்லின் வெளிப்பக்கம் வைத்து, கண்ணை மூடி, மெல்ல இரண்டு முறை தட்டிக் கடித்தார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. திரும்ப மலையேற இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள்ளேயே அவருடைய இடது கை அடுத்த தாளுக்காகப் பின்னால் நீண்டது.