அறுகைக் களையென்று பிடுங்கிய கோடை

பிடுங்கிப் போட்ட அறுகம்புல் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பக்கத்தில் நான், பெரிய காரியத்தை முடித்துவிட்டவனைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளை விட்டு இறங்கிய தோட்டக்காரர் சிரிக்கவில்லை.

திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு ராஜ்யம் இருந்த காலம் அது. நாகர்கோவிலை ஒட்டிய அரசுப் பயணியர் பங்களாவில் நான் குமாஸ்தா. தோட்டக்காரர் குழித்துறைப் பக்கத்துக்காரர், என் வயதுதான். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது எங்கள் பங்களா முற்றத்துப் புல்வெளி மட்டும் பச்சைப்பசேலென்று இருக்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை, விடியும் முன்னே, மண் ஆழமாக ஊறும்வரை தண்ணீர் விடுவார். நித்தமும் தெளித்துப் பழக்கினால் வேர் கீழே இறங்காமல் சோம்பிக் கிடக்கும் என்பார். ஒட்ட வெட்டவும் விடமாட்டார். “வெயில் காலத்துல புல்லுக்கு மொட்டை போடப்பிடாது சாரே. அதுக்க நிழலுதான் அதுக்க வேரைக் காக்கும்” என்பார். அவருக்குத் தற்காலிக வேலை. இருபது நாளில் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய எஞ்சினியர் வருகிறார், புல்வெளியைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று சொல்வார். நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று பெண்வீட்டாரும் சொல்லியிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அவர் அக்காள் மகளின் காதுகுத்துக்காகப் புதுக்கடை என்ற ஊருக்குப் போனார். மனிதருக்கு உதவி செய்வோமே என்று எனக்கு ஒரு நல்ல எண்ணம். எங்கள் ஊரிலிருந்து களைபறிக்கும் பெண்கள் நான்கு பேரை வரவழைத்தேன். “எது பயிரு, எது களைன்னு காட்டுங்க தம்பி” என்றாள் மூத்தவள். நான் நாஞ்சில்நாட்டு வயற்காட்டில் பிறந்தவன். வரப்பில் அறுகைக் கண்டால் வேரோடு பிடுங்காமல் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். யோசிக்காமல் அறுகைக் காட்டினேன். அந்தப் புல்வெளியே அறுகுதான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. வயலில் பழகிய கைகள், மதியத்துக்குள் முற்றத்தின் நடுப்பாகம் முழுவதும் வெறும் செம்மண்.

“எனக்க கல்யாணத்தையில்லா சாரே பிடுங்கிப் போட்டிய!” என்றார் தோட்டக்காரர். குவியலுக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அந்த மூத்தவள்தான், “இதுக்கா இந்த அழுகையும் வெப்ராளமும்? பிடுங்கினவளுக்கு நடத் தெரியாதா?” என்றாள். குவியலை நனைத்த சாக்கால் மூடினோம். மறுநாள் விடியற்காலையில் மண்ணைச் சேறாக்கி, தண்டுகளைச் சாண் சாணாக நறுக்கிக் கொடுத்தோம். பெண்கள் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, நாற்று நடுவதுபோலவே வரிசையாக நட்டு முடித்தார்கள். மேலே தென்னோலை பரப்பினார் தோட்டக்காரர். வேர் பிடிக்கும்வரை மட்டும் காலையும் மாலையும் தண்ணீர். எட்டாம் நாள் ஓலையை விலக்கியபோது கணுவுக்குக் கணு பச்சை முளை. நாங்கள் இருவரும் சேற்றில் நின்று குதித்தோம்.

எஞ்சினியர் வந்த அன்று எல்லாம் பச்சைதான். ஆனால் நடுவில் மட்டும் அச்சு அசலாக ஒரு வயல், வரிசை வரிசையாக. “இது என்ன?” என்று கேட்டார்.

“நான் தண்ணி விடாம காய்ஞ்சு போச்சு சாரே. மறுக்கா நட்டேன்” என்றார் தோட்டக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

அந்தப் பொய்யை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் வேலையையும் கல்யாணத்தையும் சேர்த்தே தூக்கிக் கொடுத்துவிட்டார். “களையென்று பிடுங்கச் சொன்னது நான். இந்தக் கோடையில் அதை உயிர்ப்பித்தது அவர்” என்று முன்னால் போய்ச் சொன்னேன்.

எஞ்சினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். நாஞ்சில்நாட்டு வயற்காடு என்று சொன்னதும், நடுவிலிருந்த வரிசைகளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். தோட்டக்காரரை நிரந்தரமாக்கும் உத்தரவை அங்கேயே எழுதச் சொன்னார். எனக்கும் ஒரு தண்டனை உண்டு, மழை வரும்வரை விடியற்காலைத் தண்ணீர் என் பொறுப்பு.

இன்று சீக்கிரம் எழுவதென்றால் எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கோடையில் மட்டும் கோழி கூவும் முன்னே வாளியும் கையுமாக நின்றேன். புது மாப்பிள்ளை ஒன்பது மணிக்குத்தான் வேலைக்கு வந்தார்.