கிரேக்க அழகி பிணமாகப் படுத்த நாள்

சினிமாவில் நான் ஹேர் டிரெஸ்ஸர். படிப்பு ஐந்தாவது வரைதான். வீடு பட்டினப்பாக்கம்.

தொண்ணூறுகளில் ஒரு படத்துக்கு கிரீஸிலிருந்து ஒரு அம்மா நடிக்க வந்தார். அபிராமபுரத்தில் ஒரு பங்களாவில் எடுத்தோம். கதையில் அந்த வீட்டு வெள்ளைக்கார மருமகள். கடைசி நாள், செத்துக் கிடக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிடும்போது பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். தலையில் கிரீடம். அசிஸ்டென்ட் டைரக்டர் தம்பி இங்கிலீஷில் கேட்டுச் சொன்னான்.

"அவங்க நாட்டுக்கே அழகிப் பட்டம் வாங்கினவங்கக்கா. அப்புறம் நடிக்கப் போனா, அழகிக்கு நடிப்பு வராதுன்னு சிரிச்சாங்களாம்."

"அப்பா இன்னா பண்றாரு?"

"மீன் புடிக்கிறாராம்."

"எங்க அப்பாவும்தான்னு சொல்லு."

சொன்னான். அந்த அம்மா என் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

லைட்மேன் கேலி பேசினார். "பொணமா படுக்க கிரீஸ்லேர்ந்து ஆளு வரணுமா? நானே படுப்பேன்."

"நீ படுத்தா கொறட்டை உடுவ, மாமா."

கூடத்தில் படுக்க வைத்தோம். கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியது நான்தான். முடி ஆடக்கூடாது என்று ஃபேனை நிறுத்தினார்கள். லைட்டுச் சூடு. கழுத்தில் போட்ட பூமாலையிலிருந்து ஒரு எறும்பு கிளம்பியது. கன்னத்தில் ஏறி இமை மேல் போய் நின்றது. இமை அசையவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை.

'கட்' சொன்ன பிறகும் எழவில்லை. லைட்மேன் கிட்டே வந்தார்.

"உசுரு கீதா பாரும்மா."

கண் திறந்தது. யாரும் கைதட்டவில்லை. பயந்து போயிருந்தோம்.

பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். சாவு படத்தோடு போகட்டும் என்றுதான். அன்றைக்கு ஃபிலிம் தீர்ந்துவிட்டது.

"கால அவுத்து உடுக்கா. கார் நிக்குது, ஏர்போர்ட்டு போவணும்" என்றான் தம்பி.

"சிரிக்காம அவுக்க மாட்டேன். கட்னது நானு."

"ரோல் காலி. எதுல எடுக்கறது?"

இப்படியே விமானம் ஏறினால்? அடுப்படிக்குப் போய் உப்பும் மிளகாயும் அள்ளி வந்தேன். அவர் தலையை மூன்று சுற்று சுற்றினேன். கையை அவர் வாயருகே நீட்டினேன். துப்பச் சொல்லு என்று தம்பி பக்கம் திரும்பினேன்.

அதற்குள் அவரே, "தூ, தூ, தூ."

சரியாக மூன்று முறை. எங்கள் அம்மா செய்கிற மாதிரியே.

தம்பி கேட்டுச் சொன்னான். "அவங்க ஊர்லயும் கண்ணு படாம இருக்க இப்டிதானாம்க்கா."

"அட, நம்ம பட்டினப்பாக்கம் பார்ட்டிப்பா இது!" என்றார் லைட்மேன். தம்பி அதையும் சொல்லிவிட்டான்.

அந்த அம்மா சிரித்தார். போட்டோவில் இருந்த சிரிப்பு இல்லை. பல் எல்லாம் தெரிய, வயிறு குலுங்க.

கேமரா ஓடவில்லை. நான் பார்த்தேன். முடிச்சை அவிழ்த்தேன். விரலில் கோடு விழுந்திருந்தது. தேய்த்துவிட்டேன்.