ஹெரால்ட் அண்ணைக்கு எழுதிய சுருள்

அந்தச் சுருளை நான் லண்டனில், குட்மேய்ஸ் வீட்டில், அயன் பண்ணும் பலகையின் மேல் வைத்துத்தான் எழுதினேன். யாராவது கதவைத் தட்டினால் மனைவி அதை அப்படியே தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குள் போய்விடுவாள். ஒரு சனிக்கிழமை வந்தது ஹெரால்ட் அண்ணையேதான். சுருளில் வரைந்த கேடயத்துக்குப் பூசிய மஞ்சள் அப்போது காய்ந்திருக்கவில்லை.

"விரலில என்ன தங்கச்சி?" என்று, அறையிலிருந்து திரும்பி வந்த மனைவியிடம் கேட்டார்.

"கறிக்கு மஞ்சள் போட்டனான் அண்ணை."

அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அண்ணை அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேநீர் குடிக்காமலே எழும்பிப் போனார்.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். வார இறுதியில் ஏதாவது ஒரு மண்டபத்தில் கூடி, ஐரோப்பாவின் பழைய அரசர் காலத்து உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துச் சமையல், வாள் சண்டை, அரசவை என்று ஒரு நாளைக் கழிப்போம். ராசாவும் ராணியும் எங்களுக்குள்ளேயே மாறி மாறி வருவார்கள். ஒவ்வொருவருக்கும் கேடயத்தில் வரைய ஒரு சின்னம் உண்டு. ஒருவருடையதை இன்னொருவர் எடுக்கக் கூடாது. அதைப் பார்த்துப் பதிவதும், விருது பெறுகிறவர்களுக்குச் சுருள் எழுதுவித்து அரசவையில் வாசிப்பதும் ஹெரால்ட் என்பவரின் பொறுப்பு. அண்ணை ரயில் ஸ்டேஷனில் அறிவிப்புச் சொன்னவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரரோடு வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், அந்தக் குரலுக்காகவே ஹெரால்டாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவருடைய சின்னம் மஞ்சள் கேடயத்தில் ஒரு காகம். காகத்தை வேறு யாரும் கேட்க மாட்டார்கள் என்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. விலைப்பலகைகளை நான்தான் கலர் கலராக எழுதுவேன். ஒரு நாள் சாமான் வாங்க வந்த அண்ணை, "ஆர் இதை எழுதினது? கத்தரிக்காய்க்கே வெக்கம் வரப்போகுது" என்றார். அப்படித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆங்கில எழுத்தை எனக்கு வாசிக்க வராது. படம் போலப் பார்த்துக் கீறுவேன். "வெள்ளைக்கார ராசாவுக்குச் சேவகம் செய்யவோ இஞ்ச வந்தனாங்கள்?" என்று மனைவி நக்கல் அடிப்பாள். வாய் திறந்து பேச வேண்டிய தேவை இல்லாத ஒரு இடம் எனக்குக் கிடைத்தது என்பது அவளுக்கும் தெரியும்.

விருது யாருக்கு என்பது, பெயர் கூப்பிடும்வரை அவருக்குத் தெரியக் கூடாது. இது சங்கத்தின் வழக்கம். அண்ணை இதில் மிகக் கண்டிப்பு. "தெரிஞ்சுகொண்டு வந்து நிக்கிற முகத்தை ஆர் பாக்கிறது?" என்பார். மற்ற எல்லோருடைய வீட்டுச் சுவரிலும் அவர் எழுதுவித்த சுருள் தொங்கியது. அவருக்கென்று ஒன்று இல்லை. எல்லா விருதுக்கும் சுருள் அவர் மூலமாகத்தான் வரவேண்டும்; அவருக்கு உரியதை அவரிடமே எப்படிச் சொல்லி எழுதுவிப்பது? கடைசியில், நர்ஸாக வேலை செய்த ஒரு ராணி, அவரைத் தாண்டி நேரே என்னிடம் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் எல்லோரும் ரகசியத்தைக் காத்தார்கள். மிக நன்றாகக் காத்தார்கள். ஒரு நாள் ரயிலில் திரும்பி வரும்போது அண்ணை சொன்னார்: "என்னைப் பதவியால எடுக்கப் போறாங்கள் போல கிடக்கு, தம்பி."

"ஏன் அண்ணை அப்பிடிச் சொல்லுறியள்?"

"நான் உள்ளுக்க வந்தா எல்லாரும் வாயை மூடீனம். தேத்தண்ணி ஊத்துறவன்கூட."

அவர் போட்ட கண்டிப்பை அவரிடமே மீற முடியாமல், இறங்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்கோ அண்ணை, வராமல் விடாதேங்கோ" என்று மட்டும் சொன்னேன். நான் ஒருவரையும் எதற்கும் வற்புறுத்துகிறவன் இல்லை. அந்தப் பேச்சுத்தான் அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கியது. சபை நடுவில் நிறுத்திப் பதவியைப் பறிப்பதற்கு, இந்த வாய் பேசாதவனையும் தூது விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்தாள். முத்திரைகளும் தூரிகைகளும் இருந்த பெட்டியை மண்டப வாசலில் வைத்து, "அப்பா இனி வரமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியும் ராணி பெயரைக் கூப்பிடச் சொன்னார். குரல் வளம் இல்லாத ஒருவர் கூப்பிட்டார். மண்டபம் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் ராசாவும் ராணியும் முடியோடும் அங்கியோடும், கோலியர்ஸ் வுட்டில் அவருடைய பிளாட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அண்ணை வீட்டில் கட்டும் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். ராணி வாசித்து முடியும்வரை தலை குனிந்து நின்றார். அவர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் விட்டாப் பிறகுதானே இதை எழுதினனீ?"

"இல்லை அண்ணை. எப்பவோ தொடங்கினது. நீங்கள் வந்த அண்டைக்கு அவளின்ர விரலில இருந்தது கறி மஞ்சள் இல்லை."

"நீ பாவம். அவை சொல்லிவிட்டதைச் சொல்லுறாய்."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினார். நான் கீறிய ஒவ்வொரு எழுத்தையும் இரக்கம் என்று நினைத்துவிட்டார். வழியில் எங்காவது கண்டால் பிள்ளைகளின் சுகம் கேட்பார். சங்கத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்.

போன குளிர்காலத்தில் அண்ணை இறந்துபோனார். சங்கத்து ஆட்கள் சாதாரண உடுப்பில், காகக் கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சவப்பெட்டியின் மேல் போர்த்தலாமா என்று நான்தான் மகளிடம் கேட்டேன். "அப்பா அதை விட்டிட்டார்தானே மாமா. வேண்டாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். விரிக்காத கொடியோடு கடைசி வரிசையில் நின்றோம்.

அண்ணையின் முத்திரைப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. வாசிப்பதற்கு வேறு ஆள் உண்டு. மற்றதெல்லாம் நான் பார்க்கிறேன். அண்மையில் விருந்துகளில் பாத்திரம் கழுவும் ஒரு மனிதர் என்னைத் தனியே கூப்பிட்டு, தான் ஏதாவது பிழை விட்டாரா, ஏன் எல்லோரும் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "உனக்குத்தான் விருது, வா" என்று சொல்லிவிட்டேன். அரசவை நாளில், பெயரைச் சொல்லி முடிக்கும் முன்னமே அவர் எழும்பி நடந்தார். யார் சொன்னது என்று விளங்கி, இப்போதைய ராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்தபடி அடுத்த சுருளை எடுத்து நீட்டினேன்.